மன்னிப்பின் அப்பம்



கிறிஸ்தவ சரித்திரக் காதற்கதைகளில் விசுவாசமும் மன்னிப்பும் என்று இன்றைய பேச்சுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு நீளம், அவகாசமோ ஒரு மணி நேரம். ஆகையால், இவ்வகைக் கதைகளையெல்லாம் சந்தைக்கடையில் பண்டங்களைப் பரப்புவதுபோல உங்கள்முன் பரப்பி வைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஒரே ஒரு புத்தகத்தை மாத்திரம் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அது இத்தாலிய ஆசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி எழுதிய "இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி". நம் பாஷையில் சொன்னால், "மணம் நிச்சயமானவர்கள்".

ஏன் இதை எடுத்தீர்கள், "க்வோ வாதிஸ்" இல்லையா, "பென்ஹர்" இல்லையா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அவ்விரண்டையும் இளமையில் உறக்கம் கெட்டுப் படித்தவன் நான். அமெரிக்கப் படைத்தலைவர் லூ வாலஸ் 1880-இல் வெளியிட்ட "பென்ஹர்" கதையும், போலந்து தேசத்துச் சியென்கீவிச் 1896-இல் நூலாக்கிய கதையும் ரோமாபுரி ஏகாதிபத்திய காலத்தில் நடப்பவை. தன்னைப் பலமுறை காட்டிக்கொடுத்த சீலோவை, கம்பத்தில் எரிந்துகொண்டிருக்கும் கிளௌக்குஸ் மன்னிக்கும் கட்டத்தை "க்வோ வாதிஸ்" கதையில் படித்தவர்கள் எவரும் மறக்கமாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது: கொடுமை செய்கிறவன் நீரோ, அவன் சிங்கங்களை ஏவுகிறவன், அவனுக்கும் விசுவாசிகளுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு பட்டப்பகலில் தெரிகிறது. மன்சோனியின் கதையிலோ அந்தச் சௌகரியம் கிடையாது. பெண்ணைத் தூக்கத் துணிகிற பிரபுவும் ஞானஸ்நானம் பெற்றவன். அவனுக்குப் பயந்து கலியாணத்தை நடத்த மறுப்பவர் ஒரு குருவானவர். துரோகம் இழைப்பவள் ஒரு கன்னியாஸ்திரீ. எல்லாரும் ஒரே கோயிலில் பூசை காண்கிறவர்கள். ஒரே கூரையின்கீழ் இருப்பவனை மன்னிப்பது சிங்கத்தின் வாயில் நின்று மன்னிப்பதைவிடக் கடினம் என்பதை, கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மன்சோனி 1785-இல் மிலான் நகரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் செசாரே பெக்காரியா, சித்திரவதையும் மரண தண்டனையும் கூடாவென்று 1764-இல் "குற்றங்களும் தண்டனைகளும்" என்னும் நூலை எழுதி ஐரோப்பாவையே அசைத்தவர். பேரனோ வாலிபத்தில் பாரிஸ் நகரத்து அறிஞர் கூட்டத்தில் கலந்து, தெய்வ நம்பிக்கை தளர்ந்து, 1808-இல் கால்வினிய மரபைச் சேர்ந்த ஹென்றியெத்தா என்னும் பெண்ணை மணந்து, பின்பு மனைவியும் தாமுமாக 1810-இல் கத்தோலிக்க வேதத்துக்கு வந்து சேர்ந்தார். பாட்டனாரிடமிருந்து நியாயத்தையும் மனைவியிடமிருந்து பக்தியையும் பெற்றுக்கொண்ட இவ்வாசிரியர், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட மறுத்தார் என்பதே அவருடைய நூலுக்கு உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. 1821-இல் தொடங்கிய கதை 1827-இல் வெளிவந்தது. அதன்பின் அவர் ப்ளாரன்ஸ் நகரத்துக்குப் போய், அங்கத்திய மக்கள் பேசும் பாஷையைச் செவியாரக் கேட்டு, சொல் சொல்லாகத் திருத்தி, 1840 முதல் 1842 வரை மறுபடியும் பகுதி பகுதியாக வெளியிட்டார். எழுதியதை இரண்டாவது தடவை படித்துப் பார்க்கவே சோம்பும் நம்போன்றவர்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி இது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1628-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் தேதி மாலை, கோமோ ஏரியின் ஓரத்தில், தோன் அப்போந்தியோ என்னும் கிராமத்துப் பங்குச் சாமியார் கட்டளை ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலாவி வருகிறார். வழியில் இரண்டு அடியாட்கள் மறித்து, பட்டுநூற்கும் ரென்ஸோவுக்கும் லூச்சியாவுக்கும் மறுநாள் நடக்கவேண்டிய விவாகம் நாளைக்கும் நடக்கக்கூடாது, என்றைக்கும் நடக்கக்கூடாது என்று மிரட்டுகிறார்கள். தோன் ரொத்ரிகோ என்னும் பிரபுவின் கண் அப்பெண்மேல் விழுந்திருக்கிறது. தன் சிற்றப்பன் மகனோடு பந்தயமும் கட்டியிருக்கிறான். நியாயம் கேட்க நான்கு சேவல்களைக் காணிக்கையாகத் தூக்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போன ரென்ஸோ, எதிரி யாரென்று வக்கீலுக்குத் தெரிந்த மாத்திரத்தில் அந்தச் சேவல்களோடேயே வெளியே தள்ளப்படுகிறான். காதலர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். பின்பு பஞ்சம், மிலானில் ரொட்டிக் கடைகளைச் சூறையாடும் கலகம், மாந்துவா நகரத்து அரசுரிமைக்காக மூண்ட யுத்தம், அந்த யுத்தத்துக்கு வந்த ஜெர்மானியக் கூலிப்படைகள் சுமந்துவந்த கொள்ளைநோய். (மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனேயில்தான், இந்த யுத்தத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து, 1680-இல், நம்முடைய வீரமாமுனிவர் பிறந்தார் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன், தேம்பாவணியைப் படித்தவர்களுக்கு அம்மண் முற்றிலும் அந்நியமானதன்று.)

இதைக் காதற்கதை என்று சொல்லக் கேட்டுக் கையில் எடுக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். மொத்தம் 38 அத்தியாயங்களில், 9-ஆவதில் பிரிகிற காதலர்கள் 36-ஆவதில்தான் மறுபடி முகம் பார்க்கிறார்கள். முத்தமில்லை, நிலவில்லை, உபவனமில்லை. உலகத்தில் காதல் ஏற்கெனவே தேவைக்குப் பன்மடங்கு மிஞ்சிக் கிடக்கிறதென்றும், புத்தகம் எழுதி அதை வளர்க்கவேண்டிய அவசியமில்லையென்றும் மன்சோனி தம் அச்சேறாத முதற்பிரதியிலேயே வேடிக்கையாக எழுதி வைத்தார். அப்படியானால் அந்த 27 அத்தியாயங்களுக்குள் நடப்பதென்ன? அவ்விருவரும் சேருவதற்குத் தடையாக நிற்பவன் ரொத்ரிகோ ஒருவனே என்று நாம் நினைத்துக்கொண்டு படிக்கிறோம். மெல்ல மெல்ல, மற்றொரு தடை ரென்ஸோவின் மடிக்குள்ளேயே, அவன் கத்தியைத் தேடும் கைக்குள்ளேயே இருப்பதை ஆசிரியர் காட்டுகிறார். அதை விளங்கிக்கொள்ள, கிறிஸ்தோபோரோ என்னும் கப்புச்சின் சபைத் துறவியின் பூர்வாசிரமத்துக்குப் போகவேண்டும்.

அவருக்கு அப்போது லோதோவிகோ என்று பெயர். பணக்கார வியாபாரியின் மகன். பிரபுக்களோடு சமமாகப் பழக ஆசைப்பட்டு, அவர்கள் அலட்சியத்தால் புண்பட்டு, அவர்களுக்கு விரோதமாக எளியவர்களுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு திரிந்தவர். ஒரு நாள் வீதியில் எதிரே வந்த ஒரு பிரபுவும் இவரும், சுவரோரத்தை விட்டு யார் விலகுவது என்னும் அற்பக் கேள்வியில் முட்டிக்கொள்கிறார்கள். சுவர் யாருக்கு வலப்பக்கமோ அவருக்கு வழி என்பது சம்பிரதாயம். உயர்குலத்தவனுக்கு எந்தப் பக்கமும் வழி என்பது அந்தப் பிரபுவின் கட்சி. நம் ஊரில் கோயில் முதல்மரியாதைக்காக மண்டை உடைந்த கதைகளைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. வாட்கள் உருவப்படுகின்றன, தன் எஜமானைக் காக்கக் குறுக்கே பாய்ந்த கிறிஸ்தோபோரோ என்னும் கிழ வேலைக்காரர் குத்துண்டு சாகிறார், அதைக் கண்ட லோதோவிகோ பிரபுவைக் கொன்றுவிடுகிறார். காயத்தோடு அவரை ஜனங்கள் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்த இடம் கப்புச்சின் மடம். அங்கேயே அவர் துறவு பூணுகிறார். சொத்தையெல்லாம் இறந்த வேலைக்காரரின் மனைவிக்கும் எட்டுப் பிள்ளைகளுக்கும் எழுதிவைத்து, அந்த வேலைக்காரர் பெயரையே தம் பெயராக ஏற்கிறார். வாழ்நாள் முழுவதும் யாராவது அவரைக் கூப்பிடுந்தோறும், தமக்காகச் செத்தவனின் பெயர் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

ஊரைவிட்டுப் போகுமுன் ஒரு காரியம் பாக்கியிருந்தது. கொல்லப்பட்டவரின் தமையனாரைக் கண்டு மன்னிப்புக் கேட்க அவர் விரும்பினார். தமையனாரும் சம்மதித்தார், ஆனால் அது அவருடைய மனத்தில் வேறு விதமான சம்மதம். உற்றார் உறவினர்களையெல்லாம் வரவழைத்தார். பட்டு மேலங்கிகளும் இறகு செருகிய தொப்பிகளும் உடைவாட்களும் கூடங்களை நிறைத்தன. குடும்ப கௌரவத்துக்கு ஒரு பட்டாபிஷேகம் நடக்கப்போவதுபோலச் சபை கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே, மொட்டைத் தலையும் முரட்டு அங்கியுமாக வந்த துறவி, நேராகப் போய், தமையனார் காலடியில் முழந்தாளிட்டு, உங்கள் சகோதரனைக் கொன்றவன் நான் என்று ஆரம்பித்தார். நியாயம் பேசவில்லை, அவன்தான் முதலில் வாளை உருவினான் என்று சொல்லவில்லை. செத்தவனைத் திருப்பித் தரமுடியாதவன், தாமதமாக வந்த, பயனற்ற வார்த்தைகளைத் தவிர வேறொன்றுமில்லாதவன் என்று மாத்திரம் தம்மைச் சொல்லிக்கொண்டார். அரங்கேற்றத்துக்காகக் கூடியிருந்த அந்தச் சபையில் யாரும் எதிர்பாராதது அப்போது நடந்தது. மேட்டிமையோடு நின்ற தமையனார் குனிந்து, துறவியைத் தூக்கி நிறுத்தித் தழுவிக்கொண்டார். விருந்துண்ணச் சொன்னபோது துறவி வேண்டாமென்றார். உங்கள் வீட்டு அப்பம் ஒன்றைக் கொடுங்கள், உங்கள் அன்பை ருசித்தேன், மன்னிப்பின் அடையாளம் ஒன்று என்னிடம் இருக்கிறதென்று நான் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வெள்ளித் தட்டில் அப்பம் வந்தது. அதில் கொஞ்சம் உண்டு, ஒரு துண்டை மட்டும் நெடுங்காலம் காப்பாற்றி வைத்துக்கொண்டார்.

பகையைத் தீர்த்துக் குடும்பமானத்தை நிலைநாட்ட வந்தவர்கள் வீடு திரும்பும்போது எதைத் தூக்கிக்கொண்டு போவதென்று தெரியாமல் திகைத்த காட்சியை மன்சோனி புன்னகையோடு வர்ணிக்கிறார். எனக்கு அந்தப் புன்னகைதான் பிடிக்கிறது. வேறொரு ஆசிரியர் இங்கே ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்.

இதற்கு நேர்மாறான ஒரு மன்னிப்பும் இந்நூலில் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் மன்சோனியைப் பாதிதான் சொன்னவனாவேன். லூச்சியா அடைக்கலம் புகும் மோன்ஸா நகரத்துக் கன்னியர் மடத்தில் ஜெர்த்ரூதே என்னும் பெருங்குடிக் கன்னியாஸ்திரீ இருக்கிறாள். குடும்பச் சொத்துப் பங்காகாமல் இருப்பதற்காக, தாய் வயிற்றில் இருக்கும்போதே மடத்துக்கென்று தீர்மானிக்கப்பட்டவள். அவள் விளையாடிய பொம்மைகளுக்குக்கூடக் கன்னியர் உடைதான் போர்த்திருந்தார்கள். பருவத்தில் ஒரு பணிப்பையனுக்கு அவள் எழுதிய சிறு கடிதம் பிடிபடுகிறது. அறையில் அடைபட்டு, வெட்கத்தாலும் தனிமையாலும் உருகி, தந்தைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாள். தந்தை மன்னிக்கிறார், எப்படி? மன்னிப்பையே தூண்டிலாக்கி, அதன் முள்ளில் மடத்துக் கதவை மாட்டி அவள்முன் எறிகிறார். முன்பு இருந்த பாசம் மீண்டும் வேண்டுமென்றால், நீயே கேட்டு மடத்துக்குப் போ என்பதுதான் அந்தக் கருணையின் உட்பொருள். அப்படிப் போனவள் பின்பு பாவத்தில் விழுகிறாள். கடைசியில் லூச்சியாவைக் காட்டிக்கொடுக்கிறாள். இவளுக்கு மூலமாயிருந்த மரியான்னா தெ லெய்வா, 1575-இல் பிறந்து, மோன்ஸா மடத்தில் வாழ்ந்து, பின்பு பல ஆண்டுகள் சுவரெழுப்பி அடைத்த அறையில் தண்டனை அனுபவித்த சரித்திரப் பெண்மணி. கள்ளப்பணம் புழங்கும் இடத்தில் நல்ல பணத்துக்கும் மதிப்புப் போய்விடுகிறது. விலைபேசி விற்ற அந்த மன்னிப்பால் ஜெர்த்ரூதேவுக்கு மன்னிப்பு என்ற வார்த்தையிலேயே நம்பிக்கை போய்விட்டது.

"மன்னிப்பு" என்று நாம் இப்போது சொல்வதைப் பழையவர்கள் "பொறுத்தல்" என்று சொன்னார்கள். "பிழை பொறுத்தருள்க" என்பது பாட்டிமார் வாயில் இன்னும் இருக்கிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல்; பொறை என்றால் சுமை. மன்னித்தவன் குற்றத்தைக் கீழே போட்டுவிடுகிறானென்று நாம் எண்ணுகிறோம். தமிழோ அவன் அதைத் தூக்கிக்கொள்கிறான் என்கிறது. கிறிஸ்தோபோரோ வாழ்நாளெல்லாம் பையில் சுமந்த அந்த உலர்ந்த அப்பத்துண்டை நினைக்கும்போதெல்லாம், இந்தக் கதைக்குச் சரியான சொல் இத்தாலிய பாஷையைவிட நம் பாஷையில்தான் இருக்கிறதோ என்று எனக்கொரு சிறு கர்வம் உண்டாகிறது.

இவ்விடத்தில், பெயரே சொல்லப்படாத அந்தப் பெரும்பாவியை விட்டுவிட முடியாது. "இன்னார் என்று பெயரிடப்படாதவன்" என்றே ஆசிரியர் அவனை அழைக்கிறார். மலையுச்சிக் கோட்டையில் இருந்துகொண்டு கொலையும் கொள்ளையும் நடத்தியவன். ரொத்ரிகோவுக்காக லூச்சியாவைக் கடத்திக் கொண்டுவருகிறான். இரக்கமுள்ள ஒரு செயலுக்காகச் சர்வேசுரன் எத்தனையோ பாவங்களைப் பொறுக்கிறார் என்று, பயத்தால் நடுங்கிக்கொண்டே அவள் சொன்ன சொல் இரவெல்லாம் அவனைத் தூங்கவிடவில்லை. கைத்துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடத் துணிகிறான். விடியும்போது பள்ளத்தாக்கிலிருந்து கோயில்மணி கேட்கிறது. கர்தினால் பெதெரிகோ பொர்ரோமேயோ அவ்வூருக்கு வந்திருக்கிறார். இவர் சரித்திர புருஷர்; மிலானின் மேற்றிராணியார்; 1609-இல் அம்ப்ரோசியானா நூல்நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தவர். கொலைகாரன் வந்து நின்றதும், நானல்லவா உம்மைத் தேடி வந்திருக்கவேண்டும் என்று மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தொடங்குகிறார். பாவியாக வந்தவனைக் கடன் கொடுத்தவன்போல வரவேற்பது! பிறகு அழைக்கப்பட்டு வந்த தோன் அப்போந்தியோவுக்கோ, இந்த மனமாற்றத்தால் தாம் ஒரு கோவேறு கழுதைமேலேறிக் கோட்டைக்குப் போகவேண்டியிருக்கிறதே என்பதுதான் கவலை.

இனி கடைசிக்கு முந்திய கட்டம். 1630-ஆம் ஆண்டு. மிலானின் கீழைவாசலுக்கு வெளியே உள்ள கொள்ளைநோய் மடத்தில் 16,000 நோயாளிகள் கிடக்கிறார்கள். நோயிலிருந்து பிழைத்த ரென்ஸோ, லூச்சியாவைத் தேடிக்கொண்டு அங்கே வருகிறான்; நோயாளிகளுக்குப் பணிசெய்து தாமும் நோயால் மெலிந்திருக்கும் கிறிஸ்தோபோரோவைக் காண்கிறான். அவள் உயிரோடு இல்லாவிட்டால் இன்னொருவனைத் தேடிப்போய் நியாயம் தீர்த்துக்கொள்வேன் என்கிறான். சாந்தமே உருவான கிழவர் இளைஞனின் கையைப் பற்றி உலுக்குகிறார். ஒரு மனிதனைப் பகைத்து, அவனைக் கொன்றவன் நான். பகைக்கு நியாயம் என்று ஒன்று இருந்திருந்தால், முப்பது வருஷத்தில் எனக்கு அகப்பட்டிருக்காதா என்று கேட்கிறார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அது வெறும் உபதேசம். இவர் வாயில் அது பாவசங்கீர்த்தனம். பிறகு அவன் கையைப் பிடித்து ஒரு குடிசைக்கு அழைத்துப் போகிறார். மெத்தைமேல், பிரபுவின் மேலங்கி போர்த்திக் கிடக்கிறான் ரொத்ரிகோ. கண் திறந்திருக்கிறது, பார்வையில்லை.

முதற்பிரதியில் இதே ரொத்ரிகோ பித்தேறி, குதிரைமேல் ஏறி ஓடி விழுந்து சாவதாக மன்சோனி எழுதியிருந்தார். அச்சிட்ட நூலில் குதிரையைப் பிடுங்கிவிட்டார், கூக்குரலைப் பிடுங்கிவிட்டார். அந்தத் திருத்தம்தான் நூலின் சிகரம் என்று நான் கருதுகிறேன். ஏனென்றால், முன்பு தமையனார் மன்னித்தபோது மன்னிப்புக் கேட்பவன் காலடியில் இருந்தான். கேட்டவனும் கொடுத்தவனும் தழுவிக்கொண்டார்கள். இங்கே கேட்பாரில்லை. ரென்ஸோ மன்னிப்பது ரொத்ரிகோவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் சிரித்திருக்கவும் கூடும். இது தண்டனையோ கிருபையோ என்று தமக்கே தெரியாது என்கிறார் துறவி. அவர்கள் இருவரும் முழந்தாளிட்டு ஜெபிக்கிறார்கள். அதன்பின்புதான், அடுத்த அத்தியாயத்தில், ஒரு குடிசைக்குள்ளிருந்து லூச்சியாவின் குரல் ரென்ஸோவின் காதில் விழுகிறது. கோட்டையில் அடைபட்டிருந்த இரவில் தேவமாதாவுக்கு அவள் கொடுத்திருந்த கன்னிமை வார்த்தைப்பாட்டிலிருந்து கிழவர் அவளை விடுவித்து, ஒரு சிறு பெட்டியை அவர்களிடம் கொடுக்கிறார். அதற்குள் அந்த அப்பத்துண்டு.

பெக்காரியாவின் பேரன் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இங்கே வருகிறது. நாவலை முடித்த மன்சோனி 1842-இல் அதனோடு "அபகீர்த்தித் தூணின் சரித்திரம்" என்ற சிறு நூலையும் சேர்த்து அச்சிட்டார். அதே 1630-இல், கொள்ளைநோயைச் சுவர்களில் பூசிப் பரப்பினார்கள் என்று குற்றஞ்சாட்டி, சுகாதார அலுவலர் பியாத்ஸாவையும் அம்பட்டர் மோராவையும் சித்திரவதை செய்து கொன்றார்கள். மோராவின் வீட்டை இடித்து அந்த இடத்தில் நிறுத்திய தூண் 1778 வரையில் நின்றது. சித்திரவதை என்னும் ஏற்பாடும் அந்தக் காலத்து அறியாமையும்தான் காரணமென்று, முன்பு இவ்வழக்கை ஆராய்ந்த பியெத்ரோ வெர்ரி எழுதியிருந்தார். மன்சோனி அதை ஒப்பவில்லை. அந்த நியாயாதிபதிகளுக்கு அன்றிருந்த சட்டப்படியே உண்மையை அறிந்துகொள்ள வழி இருந்தது, அறிய மனமில்லை என்று சாட்சிகளைப் புரட்டிப் புரட்டிக் காட்டுகிறார். ரொத்ரிகோவுக்காக ஜெபிக்கச் சொன்ன அதே கை இந்தக் குற்றப்பத்திரிகையையும் எழுதியது. தனக்குச் செய்த தீமையை ஒருவன் பொறுக்கலாம்; மோராவுக்குச் செய்த தீமையை மோராவையன்றி யார் பொறுப்பது?

கதை கலியாணத்தில் முடிகிறது. அந்த முடிவிலும் ஆசிரியர் நம்மைச் சும்மா விடவில்லை. ரொத்ரிகோ இறந்தபின் அவனுடைய ஆஸ்திக்கு வாரிசாக வந்த மார்க்வெஸ் மிகவும் நல்லவர். ரென்ஸோ, லூச்சியா இருவருடைய சிறு நிலங்களையும் வீடுகளையும் கேட்ட விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார். ரொத்ரிகோவின் மாளிகையிலேயே அவர்களுக்குக் கலியாண விருந்து நடத்துகிறார். பந்தியில் அவர்களை உட்காரவைத்து, தாமே கொஞ்சம் பரிமாறவும் செய்கிறார். பின்பு, தோன் அப்போந்தியோவை அழைத்துக்கொண்டு, வேறொரு அறைக்குச் சாப்பிடப் போய்விடுகிறார். எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு மன்சோனி சொல்லும் பதில் இதுதான்: அவர் பணிவுள்ளவரென்று சொன்னேனே தவிர, பணிவில் அதிசய புருஷரென்று சொல்லவில்லை, அந்த ஏழைகளுக்குக் கீழே தம்மை வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது, சமமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. சமபந்தி போஜனம் என்ற வார்த்தையை நாளிதழ்களில் அடிக்கடி வாசிக்கும் நாம், அந்த இரண்டாவது அறையின் கதவு எவ்வளவு மெதுவாகச் சாத்தப்பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.